படகும் பிளஷரும்

பார்ப்பவர் கண்ணுக்கு இம்பாலா. பழகியவர் மனசுக்கு டாட்ஜ் கிங்ஸ்வே. ஹைதராபாதின் இரண்டு பழைய அமெரிக்கக் கார்களுக்கும் இன்று கேள்வி ஒன்றுதான்: பானெட்டுக்குள் இருப்பது யாருடைய எஞ்சின்?

ஹைதராபாதில் பழைய கார் பிரியர்கள் தங்கள் வண்டிகளை வெளியே எடுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், கூட்டம் எங்கே சேரும் என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. செவர்லே இம்பாலாவைச் சுற்றித்தான் சேரும். கல்யாண மாப்பிள்ளை மாதிரி அது நடுநாயகமாக நிற்கும். குழந்தையை பானெட் மேல் உட்காரவைத்து போட்டோ எடுப்பார்கள். பெயிண்டில் கீறல் விழுமே என்ற பதைப்பை மறைத்துக்கொண்டு சொந்தக்காரர் சிரிப்பார். அந்தப் பரபரப்பிலிருந்து சற்றுத் தள்ளி, பெரும்பாலும் ஒரு மரத்தடியில், உருண்டை முதுகோடு கறுப்பாக ஒரு கார் நிற்கும். தலை நரைத்தவர்கள் மட்டும் அதன் அருகே போய், மூக்கு நுனியில் இருக்கும் ஆட்டுக்கடா பொம்மையைத் தடவிப் பார்த்துவிட்டு வருவார்கள். டாட்ஜ் கிங்ஸ்வே.

இரண்டும் அமெரிக்கப் பெயர்கள். முன்னது ஜெனரல் மோட்டார்ஸ் வாரிசு, பின்னது கிரைஸ்லர் வாரிசு. கார் என்றாலே 'பிளஷர்' என்று சொன்ன தமிழ்த் தலைமுறைக்கு கிங்ஸ்வேயும் அதன் உடன்பிறப்புகளும்தான் கார். அதற்கடுத்த தலைமுறை சினிமாக் கொட்டகையில் வாய் பிளந்து பார்த்தது 'படகு கார்'. எது அழகு என்று கேட்டால் விவாதம் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். எது இந்த மண்ணோடு ஒட்டியது, எது உயிரோடு மிஞ்சியிருக்கிறது என்று கேட்டால்தான் பேச்சு சூடுபிடிக்கிறது. 2021இல் மத்திய அரசும் தன் பங்குக்கு அதே கேள்வியைச் சட்டமாக்கி வைத்திருக்கிறது.

ஹைதராபாதுக்கு அமெரிக்கக் கார் புதிதல்ல. பழைய நகரத்தின் புரானி ஹவேலியில் இருக்கும் நிஜாம் மியூசியத்தில் 1930ஆம் வருட ரோல்ஸ் ராய்ஸ், மார்க் 5 ஜாகுவார் ஆகியவற்றோடு அமெரிக்க பேக்கார்ட் ஒன்றும் இருக்கிறது. பிரிட்டிஷ் கனவான்களுக்கு நடுவே அமெரிக்கனுக்கு என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போரின்போது ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் விமான எஞ்சின்களை 55,000க்கு மேல் தயாரித்துக் கொடுத்தது இதே பேக்கார்ட் கம்பெனிதான். ஆனால் மியூசியத்துக் கார் ஓடுவதில்லை. ஊர் ஓட்டிப் பார்த்த அமெரிக்கக் கார்கள் வேறு.

1948 செப்டம்பரில் ஹைதராபாத் இந்தியாவோடு இணைந்தது. 1949 ஆகஸ்டில் ஜாகிர்கள் ஒழிந்தன. 1971இல் மன்னர் மானியமும் போனது. மாளிகைகளின் வரவு சுருங்கச் சுருங்க, லாயத்துக் குதிரைகளைப் போலவே ஷெட்டில் நின்ற கார்களும் ஒவ்வொன்றாகக் கை மாறின. நவாபிடமிருந்து கான்டிராக்டருக்கு, அவரிடமிருந்து டாக்சிக்காரருக்கு, கடைசியில் காயலான் கடைக்கு. இந்த ஏணியில் எந்தப் படியில் ஒரு கார் தப்பித்து நின்றது என்பதுதான் ஒவ்வொரு பழைய காரின் ஜாதகமும்.

கிங்ஸ்வேயின் ஜாதகம் பம்பாயில் எழுதப்பட்டது. வால்சந்த் ஹிராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், கிரைஸ்லரோடு கைகோத்து 1947 முதல் குர்லாவில் கார்களையும் லாரிகளையும் பூட்டி வெளியே அனுப்பியது. பின்னாளில் பத்மினி பிறந்த அதே தொழிற்சாலை. டாட்ஜ் கிங்ஸ்வே, பிளிமத் சவாய், டீசோட்டோ டிப்ளமாட் என்று மூன்று பெயர்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே கார். முன்பக்க கிரில்லும் பெயர்ப் பலகையும்தான் வேறு. ஒரே மாவில் சுட்ட இட்லிக்கு மூன்று கடையில் மூன்று பெயர் வைத்த கதை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. கிங்ஸ்வே வெளிநாட்டுச் சந்தைக்கென்றே கிரைஸ்லர் வைத்த பெயர். பிளிமத் உடம்பில் டாட்ஜ் முகத்தை ஒட்டவைத்து உருவாக்கியது. அந்த நாளில் நியூயார்க்கில் ஒரு டாட்ஜ் டீலரிடம் போய் கிங்ஸ்வே வேண்டும் என்றால் விழித்திருப்பார்.

செவர்லேயும் ஒரு காலத்தில் பம்பாய்க்காரர்தான். ஜெனரல் மோட்டார்ஸ் 1928 டிசம்பரில் சேவ்ரியில் செவர்லேயைப் பூட்ட ஆரம்பித்தது. காமராஜர் போய் வந்த எம்.டி.டி. 2727 கூட ஒரு செவர்லேதான். நாலு பேர் ஏறி ஊர் ஊராகச் சுற்றுகிற உழைப்பாளி வண்டி என்றுதான் அதற்கு அப்போது பெயர். ஆனால் 1949இல் முழுதாகத் தயாரான கார்களின் இறக்குமதியை அரசு நிறுத்தியது. 1953இல் டாரிஃப் கமிஷன், உதிரி பாகங்களை இங்கேயே தயாரிக்கத் திட்டம் இல்லாதவர்களுக்கு இடமில்லை என்றது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின.

இம்பாலா என்ற பெயரே அதற்குப் பிறகுதான் பிறந்தது. 1958இல் பெல் ஏர் காரின் ஆடம்பர வடிவமாக வந்து, 1959இல் தனி வரிசையானது. ஆப்பிரிக்கக் காட்டில் துள்ளி ஓடும் மான் வகை ஒன்றின் பெயர். ஆக, இந்தியாவில் ஒரு இம்பாலாகூடத் தொழிற்சாலை வாசல் வழியாக வந்ததில்லை. தூதரகங்கள் வரவழைத்தவை, அவர்கள் பயன்படுத்திய பின் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் விற்றவை, செல்வாக்கும் பெர்மிட்டும் உள்ளவர்கள் கொண்டுவந்தவை. எல்லாமே விருந்தாளிகள். 1965இல் அமெரிக்காவில் அந்த ஒரே மாடல் 10 லட்சத்துக்கும் மேல் விற்றது. அதே வருடம் இந்தியாவில் எல்லாக் கம்பெனிகளும் சேர்ந்து தயாரித்த கார்கள் 30,000ஐ எட்டவில்லை. அமெரிக்காவில் பள்ளிக்கூட வாத்தியார் ஓட்டிய கார் இங்கே ராஜாவின் காராகத் தெரிந்ததற்கு அந்தக் காரின் மேல் குற்றமில்லை.

அழகு விஷயத்துக்கு வருவோம். 1959 இம்பாலாவின் பின்பக்கத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் படுக்கையாக விரிந்த இறக்கை, அதன் கீழே பூனைக்கண் விளக்கு. அடுத்த வருடம் முதல் பக்கத்துக்கு மூன்றாக ஆறு வட்ட விளக்குகள் வந்தன. விளக்கை எண்ணியே அது இம்பாலாவா, தரம் குறைந்த உடன்பிறப்பா என்று சொல்லிவிடுகிறவர்கள் ஹைதராபாதில் இன்றும் உண்டு. அந்த இறக்கை எப்படி முளைத்தது தெரியுமா? 1956இல், வெளிவரக் காத்திருந்த பிளிமத் கார்கள் உயர்ந்த வால்களோடு வரிசையாக நிற்பதை ஜெனரல் மோட்டார்ஸ் டிசைனர் ஒருவர் பார்த்துவிட்டார். ஆபீசே கதிகலங்கியது. 1959க்காக வரைந்து வைத்திருந்த படங்களைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பித்தார்கள். கிங்ஸ்வேயின் அண்ணன் வீட்டைப் பார்த்து பயந்துதான் இம்பாலா அவ்வளவு அலங்காரம் செய்துகொண்டது என்றால் மிகையில்லை.

அந்த அண்ணன் வீடே ஐம்பதுகளின் தொடக்கத்தில் அலங்காரத்துக்கு எதிரி. கிரைஸ்லரின் அன்றைய தலைவர் கே.டி. கெல்லர், தலையில் தொப்பியோடு ஒரு மனிதர் நிமிர்ந்து உட்கார முடியாவிட்டால் அது காரே அல்ல என்ற கட்சி. டிசைனர்கள் எவ்வளவு கெஞ்சியும் கூரையைத் தாழ்த்த விடவில்லை. அமெரிக்காவில் அந்தப் பிடிவாதத்தால் கிரைஸ்லரின் விற்பனை அடி வாங்கியது. இங்கே அது வரமானது. ரூமி டோப்பியையோ தலைப்பாகையையோ கழற்றாமல் ஏறி இறங்கலாம். பட்டுப்புடவைக்காரர்கள் குனிந்து நசுங்க வேண்டியதில்லை. நாற்காலி மாதிரி உயரமான சீட். ஒரு நாள் அந்தப் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. இம்பாலாவில் சோபாவில் புதைந்த மாதிரி இருக்கும். இறங்கும்போது முட்டிக்கு வேலை.

அளவையும் பார்த்துவிடலாம். இம்பாலா ஐந்தே கால் மீட்டருக்கு மேல் நீளம், இரண்டு மீட்டர் அகலம். நம் அம்பாசடரை விட ஒரு மீட்டர் அதிகம். பத்தர்கட்டியிலோ லாட் பஜாரிலோ அதைத் திருப்ப வேண்டும் என்றால் ஓட்டுபவருக்குத் திறமையும் எதிரே வருபவருக்குப் பெருந்தன்மையும் தேவை. கிங்ஸ்வே ஐந்து மீட்டருக்குள் அடங்கிவிடும். இம்பாலாவுக்கு டாங்க் பண்ட் மாதிரி நீண்ட நேர் ரோடு வேண்டும். காலைக் காற்றில், ஏரி ஓரமாக, ஒரு கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதற்கு ஈடு இணை இல்லை. கண்டிப்பாக ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

ஆனால் கார் என்பது எஞ்சின். அங்கேதான் இரண்டின் தலையெழுத்தும் பிரிகிறது.

கிங்ஸ்வேயில் இருப்பது வால்வுகள் பக்கவாட்டில் அமைந்த ஆறு சிலிண்டர் எஞ்சின். கொள்ளளவு சுமார் 3,600 சி.சி. சக்தி 100 குதிரைக்கு முன்னே பின்னே. இவ்வளவு பெரிய எஞ்சினுக்கு இது கம்மிதான். ஆனால் அழுத்த விகிதம் வெறும் ஏழு. மட்டமான பெட்ரோலையும் முகம் சுளிக்காமல் குடித்தது. வெளியேறும் புகைவால்வு உட்காரும் இடத்தில் கிரைஸ்லர் கடினமான உலோக வளையத்தைப் பதித்திருந்தது. 2000 பிப்ரவரியில் இந்தியா முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றபோது, பல பழைய கார்களுக்கு வால்வு தேய்ந்துவிடுமோ என்ற கவலை வந்தது. கிங்ஸ்வே அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவே இல்லை. இதே குடும்பத்து எஞ்சின் லாரியில் ஓடியது, வெல்டிங் செட்டில் ஓடியது, அமெரிக்காவில் அறுவடை எந்திரத்தில்கூட ஓடியது. குர்லாவிலிருந்து வந்த டாட்ஜ், ஃபார்கோ லாரிகள் புழக்கத்தில் இருந்தவரை உதிரி பாகத்துக்குத் தட்டுப்பாடில்லை. புதுப்பேட்டையில் கிடைத்தது, சோர் பஜாரில் கிடைத்தது, தெருமுனை லேத்துக்காரரும் கடைந்து கொடுத்தார்.

இம்பாலாவில் ஆறு சிலிண்டரும் உண்டு. பேர் வாங்கியது வி-8தான். 283 கன அங்குலம், அதாவது 4,600 சி.சி. அம்பாசடர் எஞ்சினைப் போல் மூன்று மடங்கு. மிதித்தால் சத்தமே இல்லாமல் கிளம்பும், ஆனால் பெட்ரோல் முள் கண்ணெதிரே இறங்கும். நகருக்குள் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கிடைத்தால் கோயிலுக்குத் தேங்காய் உடைக்கலாம். கிங்ஸ்வே மட்டும் என்ன வாழ்ந்தது, ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூடுதலாகக் கொடுக்கும், அவ்வளவுதான்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயைத் திருகின. சில மாதங்களில் பேரலுக்கு மூன்று டாலராக இருந்த கச்சா எண்ணெய் பன்னிரண்டு டாலரைத் தொட்டது. இந்தியாவில் பெரிய கார் வைத்திருந்தவர்களுக்கு இரண்டே வழிதான். ஷெட்டில் போட்டுப் பூட்டுவது, அல்லது எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினைப் பூட்டுவது. மும்பையில், சென்னையில், ஹைதராபாதில் மெக்கானிக்குகள் இந்த அறுவைச் சிகிச்சையில் கைதேர்ந்தார்கள். சென்னை சிம்ப்சனில் தயாரான பெர்க்கின்ஸ் எஞ்சின் முதலில் போனது. பிற்பாடு மெட்டடோர் வேனின் எஞ்சின். ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்த கியர் தரைக்கு இறங்கியது. சேஸிஸில் பிடிமானங்களை வெட்டி வெல்டிங் வைத்தார்கள். கழற்றிய வி-8ஐ வைத்துக்கொள்ள இடம் ஏது? இரும்பு விலைக்குப் போனது.

கிங்ஸ்வேக்களும் தப்பவில்லை. டாக்சியாக ஓடியவை பல டீசலுக்கு மாறின. ஆனால் பெட்ரோல் எஞ்சினோடு ஷெட்டில் தூங்கியவையும் கணிசம். காரணம் எளிது. அதன் எஞ்சினைப் பழுது பார்க்க உள்ளூரில் ஆள் இருந்தார், சாமான் இருந்தது. தவிர, கிங்ஸ்வேயை ஓட்டிக் காட்டிப் பெருமைப்பட யாரும் இல்லை. இம்பாலாவையோ ஊர்வலத்துக்கும், மாப்பிள்ளை அழைப்புக்கும், சினிமா ஷூட்டிங்குக்கும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஓட வேண்டியிருந்ததால் அது மாற வேண்டியிருந்தது. அதன் புகழே அதன் எஞ்சினைக் கொன்றது.

டீசல் போட்டவர்களைத் திட்டுவது இப்போது பழைய கார் வட்டாரத்தில் ஒரு நாகரிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த மெட்டடோர் எஞ்சின் மட்டும் இல்லாவிட்டால் இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் வேடிக்கை பார்க்க இத்தனை இம்பாலாக்கள் மிஞ்சியிருக்காது. அந்த மான் சின்னம் எங்காவது காயலான் கடை ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

இந்த வாதம் சட்டத்திடம் செல்லுபடியாகாது என்பதுதான் இன்றைய சிக்கல். 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதிகளை அறிவித்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துகளை அடுத்து 'வி.ஏ.' என்று வரும். ஏற்கெனவே பதிவான கார்கள் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, ராலி, பழுது பார்ப்பது, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். தினசரி உபயோகத்துக்கும் வாடகைக்கும் இடமில்லை.

நல்ல விதிதான். பழைய காரும் புகை கக்கும் ஓட்டை வண்டியும் ஒன்றல்ல என்று அரசு முதல்முறையாக ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் இதை நம் இரண்டு கார்களுக்கும் பொருத்திப் பாருங்கள். மரத்தடி கிங்ஸ்வே தன் சொந்த எஞ்சினோடு நேராகப் போய் வரிசையில் நிற்கும். நடுவில் நிற்கும் மாப்பிள்ளைக்குத்தான் உதறல். ஆர்.சி. புத்தகத்தில் டீசல் என்று இருக்கும். எஞ்சின் நம்பர் மெட்டடோருடையதாக இருக்கும். பல சொந்தக்காரர்கள் இப்போது அமெரிக்காவிலிருந்து வி-8 எஞ்சின் வரவழைக்கிறார்கள். அதில் ஒரு வசதி, செவர்லேயின் அந்த வகை எஞ்சின் 1955இல் தொடங்கி 2011க்குள் 10 கோடியைத் தாண்டிவிட்டது. உதிரி பாகம் ஆணி வரை கிடைக்கும், டாலரும் சுங்க வரியும் கையில் இருந்தால் போதும். அப்புறம் வெட்டிய சேஸிஸைச் சரிசெய்து, போக்குவரத்து அலுவலகத்தில் எஞ்சினும் எரிபொருளும் மாறியதைப் பதிவு செய்து... எஞ்சினைப் பூட்டுவதை விட பேப்பரைப் பூட்டுவதுதான் கடினம்.

இன்னொரு அடியும் விழுந்திருக்கிறது. 1950க்கு முந்தைய பழைய கார்களைத்தான் இறக்குமதி செய்யலாம் என்று நெடுநாளாக இருந்த வரம்பு 2025இல் தளர்ந்தது. 50 வருடம் தாண்டியிருந்தால் போதும். அதாவது அமெரிக்காவில் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்த இம்பாலாவை இனி இங்கே கொண்டுவரலாம். வரி பயங்கரம்தான், ஆனாலும் கொடுக்க ஆள் உண்டு. அப்படி ஒன்று வந்து பக்கத்தில் நின்றால், எழுபதுகளில் டீசல் குடித்துப் பிழைத்த நம் ஊர் இம்பாலாவின் மதிப்பு என்ன ஆகும்? கிங்ஸ்வேக்கு அந்த பயம் கிடையாது. குர்லாவில் பூட்டிய வலது பக்க ஸ்டியரிங் கிங்ஸ்வேயை உலகத்தில் வேறு எங்கிருந்தும் இறக்குமதி செய்ய முடியாது.

கிங்ஸ்வேக்காரர்களுக்குக் கவலையே இல்லை என்றும் சொல்ல முடியாது. எஞ்சின் சாமானை எப்படியாவது தேற்றலாம். முன்பக்க கிரில்லோ, கதவில் இருக்கும் 'கிங்ஸ்வே' எழுத்தோ உடைந்தால் எந்த அமெரிக்க கேட்டலாகிலும் கிடைக்காது, அங்கே அந்தக் காரே இல்லையே. பித்தளையில் வார்த்து, நிக்கல் பூசி, அசல் மாதிரி செய்துகொடுக்கும் கைகள் வயதாகிக்கொண்டே போகின்றன. பெட்ரோலில் கலக்கும் எத்தனால் 20 சதவீதமாகிவிட்ட பிறகு பழைய ரப்பர் குழாய்கள் ஊறிப் போகின்றன. அது இரண்டு கார்களுக்கும் பொதுவான தலைவலி, டீசல் இம்பாலாவைத் தவிர.

எது உங்களுக்கு என்று என்னைக் கேட்டால், ஒரு நாள் வாடகைக்கு இம்பாலா, வீட்டோடு வைத்துக்கொள்ள கிங்ஸ்வே. விலைச் சந்தை நேர்மாறாகச் சொல்கிறது. இம்பாலாவுக்குக் கேட்கும் பணத்தை கிங்ஸ்வேக்கு யாரும் கொடுப்பதில்லை. சினிமாவில் கதாநாயகன் ஏறாத காருக்கு அதுதான் கதி.

பதினோரு மணிக்கு வெயில் ஏறும்போது வண்டிகள் கிளம்ப ஆரம்பிக்கின்றன. கூட்டம் விலகி வழிவிட, இம்பாலாவின் சாவி திரும்புகிறது. தட தடவென்று வேன் சத்தம். அவ்வளவு நேரம் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்த ஒரு சிறுவன் அப்பாவை நிமிர்ந்து பார்க்கிறான். அப்பா வேறு பக்கம் பார்க்கிறார். மரத்தடியைத் திரும்பிப் பார்த்தால் அங்கே எதுவும் இல்லை. கிங்ஸ்வே எப்போது ஸ்டார்ட் ஆனது என்று யாருக்கும் கேட்கவில்லை. அது கேட்டைத் தாண்டி ரோட்டில் இறங்கிவிட்டிருந்தது.